பட்டாபிராமில் இரண்டு சர்க்கார்

போகியன்று காலை பட்டாபிராம் ஸ்டேஷனில் இறங்கியபோது ஊரைக் காணவில்லை. பனியும், பழம்பாய் எரித்த புகையும் சேர்ந்து பிளாட்பாரத்தையே விழுங்கியிருந்தன. எங்கோ போகி மேளம் தட்டும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. புகைக்குள்ளிருந்து முதலில் ஒரு பச்சைப் புடவை தெரிந்தது, பிறகு அதற்குள் என் அக்கா.

"இன்னாடா இப்டி எளச்சி கீறே? அந்த ஊர்ல சோறு போட மாட்டாங்களா?" என்றாள்.

எட்டு வருடம் கழித்துப் பார்க்கிற அக்காவிடம் சொல்ல விமானத்தில் நல்ல நல்ல வார்த்தைகளாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை, இருமல்தான் வந்தது. அவள் என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணி என்ற ஊரில் வாத்தியாராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவன். சரித்திரமும் குடிமையியலும் என் பாடங்கள். மேரி அக்கா கல்யாணமாகி இங்கே வந்தவள். அத்தான் இறந்துவிட்டார். இப்போது மகள் ஸ்டெல்லாவோடும் மருமகன் சேவியரோடும் இருக்கிறாள். எண்பதுகளின் கடைசியில் வந்த இந்தப் பொங்கலுக்கு அவள் என்னை அவசரமாக வரவழைத்தது கரும்பு தின்பதற்காக அல்ல.

சேவியர் ஆவடியில் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான். அவனுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. ஆனால் மத்தியப் பிரதேசத்துக்குப் போனால்தான் கிடைக்கும். ஸ்டெல்லா வேப்பம்பட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. மாநில அரசு வேலை. பொங்கல் முடிந்து வரும் திங்கட்கிழமை சேவியர் போகிறானா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். தாய்மாமன் வந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் எதுவும் நடக்கும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள்.

வீட்டுக்குப் போனதும் இட்லியும் வடகறியும் வைத்தார்கள். அந்த வடகறிக்காகவே இன்னொரு முறை கடல் தாண்டலாம். மூன்றாவது இட்லியில் விஷயத்தைக் கேட்டேன், நான்காவதில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"இதற்கா இவ்வளவு கவலை? ஸ்டெல்லா வாத்தியார்தானே. டெல்லிக்கு ஒரு மனு எழுதினால் புருஷன் இருக்கிற ஊருக்கே மாற்றிவிடுவார்கள். நானே எழுதித் தருகிறேன்" என்றேன்.

அக்கா என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாள். "அதான் என் தம்பிய வர வெச்சேன்" என்று சேவியரைப் பார்த்துச் சொன்னாள். ஸ்டெல்லாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என் நாட்டு வழக்கத்தை வைத்துத்தான் அப்படிச் சொன்னேன். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் முழுக்க கோலாலம்பூரின் கையில். கெடாவில் பிறந்த வாத்தியாரைக் கடலுக்கு அப்பால் சரவாக்குக்குக்கூட மாற்றுவார்கள். வேடிக்கை என்னவென்றால், சொந்த நாட்டின் அந்த மாநிலத்துக்குள் நுழைய நாங்கள் குடிநுழைவு அதிகாரியிடம் அடையாளம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். எங்கள் வாத்தியார்களுக்கு வேலையில் நாடு ஒன்று, வாசலில் பல. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவன் நான். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று எப்படியோ ஊறிப்போயிருந்தது.

சாயங்காலம் சேவியரின் தொழிற்சாலையை வெளியிலிருந்தாவது பார்க்கலாம் என்று ஓர் ஆட்டோ பிடித்தேன். ஆவடி வந்ததும் வண்டி திடீரென்று சத்தமில்லாமல் ஓட ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் பெரிய மரங்கள், சுண்ணாம்பு அடித்த ஓரக்கற்கள், பெருக்கி வைத்த தரை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓரிரண்டு நிமிடத்தில் தலை கூரையில் மோதியது.

"என்னப்பா ஆயிற்று?" என்றேன்.

"அது சென்ட்ரல் சர்க்கார் ரோடு சார், சல்லுனு போவும். இது நம்மளுது. கொஞ்சம் புட்ச்சிக்கினு குந்து நைனா" என்றார் ஓட்டுநர்.

அவர் விரலால் காட்டிக்கொண்டே வந்தார். அந்தக் குழாய் டெல்லியுடையது, தண்ணீர் வரும். இந்தக் குழாய் மெட்ராஸுடையது, வந்தாலும் வரும். அதோ அந்தச் சாக்கடை நகராட்சியுடையது. அந்தாண்ட இருக்கிற தரிசு ரயில்வேயினுடையது, அதில் கட்டியிருக்கிற எருமை மட்டும் அவருடைய மச்சானுடையது. வகுப்பில் இவரை ஒரு நாள் நிறுத்தியிருந்தால் என் பிள்ளைகள் தூங்கியிருக்க மாட்டார்கள். மங்கிய வெளிச்சத்தில் அந்த ஊரே பல நாடுகள் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற ஒரு பெரிய வீடாக எனக்குத் தெரிந்தது. யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று எருமைக்கு மட்டும் கவலையில்லை.

பொங்கலன்று மாதா கோயில் முற்றத்தில் பானை வைத்தார்கள். வெயில் மெல்ல ஏறி, மஞ்சள் கொத்திலும் புதுப் புடவைகளிலும் வழிந்தது. பொங்கியபோது எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். இரண்டு சர்க்காருக்கும் அன்று விடுமுறை. சேவியரும் ஸ்டெல்லாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே இலையில் இருந்து சர்க்கரைப் பொங்கலை எடுத்துத் தின்றார்கள். நல்ல ஜோடி. இவர்களைப் பிரிப்பதற்கு எந்த அரசியல் சட்டத்துக்கும் உரிமையில்லை என்று எனக்குள்ளே முழங்கிக்கொண்டேன்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். சேவியர் விடியற்காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பினான். ஸ்டெல்லா நிதானமாகத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?"

"இன்னிக்கும் நாளைக்கும் ஸ்டேட்டுக்கு லீவு மாமா. சென்ட்ரலுக்குக் கெடயாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக் கதையே அதுதான். கெடாவில் வாராந்தர விடுமுறை வெள்ளிக்கிழமை. ஆற்றைத் தாண்டினால் பினாங்கு, அங்கே ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி பாலத்துக்கு அந்தப் பக்கம் வங்கியில் வேலை பார்க்கிறாள். கல்யாணமான நாள் முதல் நான் ஓய்வு பெறும் வரை எனக்கு வெள்ளி, அவளுக்கு ஞாயிறு. தைப்பூசத்துக்கு அவளுக்கு லீவு, எனக்குக் கிடையாது. இதைச் சொன்னதும் ஸ்டெல்லா எண்ணெய்க் கையோடு நிமிர்ந்தாள்.

"அப்ப ஞாயித்துக்கெழம அத்த தனியாவா இருப்பாங்க? ஊடு முழுக்க அவங்களுக்கேவா?"

"ஆமாம், பாவம்."

"பாவமா?" என்று சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் காலையிலும் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

அன்று சும்மா ரயிலில் போய்வரலாம் என்று அம்பத்தூருக்குக் கிளம்பினேன். வண்டியில் தாராளமாக இடம் இருந்தது. "பாதி ஜனம் ஸ்டேட்டு, ஊட்ல தூங்கிகினு கீது. நாம சென்ட்ரலு, ஆபீஸ் போய்க்கினு கீறோம்" என்று எதிர் இருக்கைக்காரர் விளக்கினார். நான் எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் அவருக்குக் கனடா நினைவு வந்துவிட்டது. அவர் மகள் அங்கே நர்ஸ். ஒரு மாகாணத்தில் வேலை பார்த்துவிட்டு அடுத்த மாகாணத்துக்குக் குடிபோனாளாம். அங்கே மறுபடியும் பதிந்துகொண்டால்தான் ஊசி போடலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஒரே நாடுதான் சார். இந்தாண்ட கீற ஒடம்பு வேற, அந்தாண்ட கீற ஒடம்பு வேறயா? நீயே சொல்லு" என்றார்.

நான் ஆஸ்திரேலியாவைச் சொன்னேன். பயிற்சிக்காக ஒரு வருடம் அங்கே இருந்தேன். கோடை காலத்தில் ஒரு மாநிலம் கடிகாரத்தை முன்னால் தள்ளும், அடுத்த மாநிலம் முடியாது என்று சொல்லிவிடும். எல்லையில் ஒட்டிப் பிறந்த இரண்டு ஊர்கள் உண்டு. தெருவின் இந்தப் பக்கம் மதியச் சாப்பாட்டு நேரம், எதிர்ப் பக்கம் இன்னும் ஒரு மணி நேரம் பசித்திருக்க வேண்டும். அந்தத் தெருவின் நடுவில் நின்று, நான் இப்போது எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியாமல் வெயிலில் மயங்கி நின்றது இன்னும் கனவு மாதிரி இருக்கிறது. சொல்லிக்கொண்டே வந்ததில் அம்பத்தூர் போய்விட்டது. நாங்கள் இருவரும் வில்லிவாக்கத்தில் இறங்கினோம். அவருக்கு அது சரியான இடம், எனக்குத்தான் தவறு.

காணும் பொங்கலன்று பூந்தமல்லிக்குப் போனேன். அத்தானின் பழைய நண்பர் ரஹீம் அங்கே இருக்கிறார். பள்ளிக் கல்வி இலாகாவில் ஆய்வாளராக இருந்தவர். நல்ல நாளும் அதுவுமாகப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, மனுவை யார் பெயருக்கு எழுதுவது என்று கேட்ட மாதிரியும் ஆயிற்று. பாய் வீட்டில் பிரியாணி. தால்சாவை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டிருந்தபோது என் திட்டத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"டெல்லிக்கா? சார், டெல்லிக்கு உங்க ஸ்டெல்லா யாருன்னே தெரியாது. படிப்பு ரெண்டு பேருக்கும் பொதுன்னு சட்டத்துல எழுதிக் கீது, வாஸ்தவம். ஆனா வேலை குடுக்கிறது, சம்பளம் போடுறது, மாத்தறது எல்லாம் மெட்ராஸ். மெட்ராஸ் அவளைக் கன்னியாகுமரிக்குத் தூக்கிப் போடலாம். அரக்கோணம் தாண்டி ஆந்திராக்குள்ள ஒரு அடி தள்ள முடியாது."

"வேறு வழியே இல்லையா?"

"வேலைய ராஜினாமா பண்ணிட்டு, அங்க போய் புதுசா மனு போடணும். அந்த ஊர்ல அவளுக்கு முன்னாடி காத்துகினு இருக்கிறவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க."

அதற்குப் பிறகு பிரியாணி இறங்கவில்லை. ஒரு மனிதன் தன் ஊர்ச் சட்டத்தை அடுத்தவர் வீட்டில் செல்லும் என்று சொன்னால் இப்படித்தான் ஆகும். அக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டேன். அவள் இந்நேரம் தெருவில் பாதிப் பேரிடம் டெல்லி மனுவைப் பற்றிச் சொல்லி முடித்திருப்பாள்.

திரும்பும் பஸ் பருத்திப்பட்டு ஏரிப் பக்கத்தில் பஞ்சராகி நின்றது. எல்லாரும் இறங்கினோம். காணும் பொங்கலுக்கு வெளியே வந்த குடும்பங்கள் கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்திருந்தன. யாரோ ஒரு அம்மாள் கேட்காமலேயே என் கையில் புளியோதரை வைத்தார். தண்ணீரில் வானம் சிவந்து கிடந்தது. கொக்குகள் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வந்தன, போயின. நான் வகுப்பில் தொங்கவிட்ட உலகப்படம் முழுவதும் அந்த ஏரியில் நனைந்து, கோடெல்லாம் கரைந்து மிதப்பதாக அரைத் தூக்கத்தில் ஒரு காட்சி வந்தது. அப்படிக் கரைந்துவிட்டால் நல்லது என்று இருந்தது எனக்கு. ஸ்டெல்லா ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தே புருஷனிடம் போய்விடலாம். நடத்துனர் விசில் ஊதினார். கண்ணைத் திறந்தால் புளியோதரை சட்டையில் இருந்தது.

வீட்டில் எல்லாரும் சாப்பாட்டுக்கு எனக்காகக் காத்திருந்தார்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். டெல்லியால் முடியாது, நான் சொன்னது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி வுடு. வேலைய உட்டுட்டு அவரு கூட போவட்டும். பொம்பளைக்கு இன்னா வேல பெருசு" என்றாள்.

"வேணாம் அத்தே. நான் ப்ரமோஷன் வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றான் சேவியர். அந்தப் பதவிக்காக அவன் இரவெல்லாம் படித்துப் பரீட்சை எழுதியவன் என்பது எனக்குத் தெரியும்.

"அது எப்டி மாப்ள? வர்ற லெச்சுமிய ஒதைப்பாங்களா?"

"அதெல்லாம் கூடாது. என் கருத்து என்னவென்றால்..." என்று நானும் ஆரம்பித்தேன். மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினோம். குரல்கள் ஏறியதும், வகுப்பில் சத்தம் போடும் பிள்ளைகளை அடக்க நான் செய்வதைச் செய்தேன். வெளிநாட்டு விஷயம் ஒன்றை எடுத்துவிட்டேன்.

"சுவிட்சர்லாந்து தெரியுமா? அங்கே மாநிலங்கள் ரொம்பச் சின்னது, ஆனால் தன் வீட்டு விஷயத்தில் அதுதான் ராஜா. ஒரு மாநிலத்தில் இன்றைக்கும் வருடத்துக்கு ஒரு நாள் ஆண்கள் எல்லாரும் மைதானத்தில் கூடி, கை தூக்கி முடிவு செய்வார்கள். நாட்டுத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு உண்டு. அந்த மைதானத்தில் மட்டும் கிடையாது."

"அடப்பாவிங்களா! அப்ப பொம்பளைங்க இன்னா பண்ணுவாங்க?" என்றாள் அக்கா.

"சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இல்லை, வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பார்கள்."

ரசச் சட்டியோடு வந்த ஸ்டெல்லா அதை எங்கள் நடுவில் இறக்கி வைத்தாள்.

"நம்ம ஊட்லயும் அப்டித்தான் கீது மாமா. மூணு பேரும் கை தூக்கிட்டீங்க."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஸ்டெல்லா நிறுத்தவில்லை.

"பத்து வருஷத்துக்கு மேல எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சிட்டு, எப்ப இன்டர்வியூ கார்டு வரும் எப்ப கார்டு வரும்னு காத்துகினு இருந்தேன். கூடப் படிச்சவளுங்க புள்ள பெத்து அதுங்க ஸ்கூலுக்கே போயிடுச்சிங்க. அதுக்கப்பறம் கெடச்ச வேலை. நீங்க மொத நாளு டெல்லிக்கு எழுதினா மாத்திருவாங்கன்னீங்களே, அன்னிலேர்ந்து எனக்கு சோறு எறங்கல. இன்னிக்கு, முடியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் மூச்சே வந்துச்சு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. கரைந்துபோனால் நல்லது என்று ஏரிக்கரையில் நான் நினைத்த அந்த எல்லைக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பெண் நின்றிருக்கிறாள்.

அவள் சேவியர் பக்கம் திரும்பினாள். அதுவரை இருந்த தைரியம் அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

"நீங்க போங்க. ப்ரமோஷன விடாதீங்க, அப்பறம் ஆயுசுக்கும் என் மூஞ்சில அதப் பாப்பீங்க. நான் இங்கயே இருக்கேன். எனக்கு லீவு விட்டா நான் வரேன், உங்களுக்கு விட்டா நீங்க வாங்க. எனக்கு ஒண்ணும் கஷ்டமே இல்லன்னு சொல்லல. கஷ்டந்தான். ஆனா இதான் எனக்கு வேணும்."

சேவியர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அக்கா என்னைப் பார்த்தாள், தாய்மாமன் ஏதாவது சொல்ல வேண்டும் என்று. உலகத்து அரசியல் சட்டம் எல்லாம் தெரிந்த தாய்மாமன் ரசத்தை ஊற்றிக்கொண்டான். மிளகு தூக்கலாக, அருமையாக இருந்தது. ஸ்டெல்லா தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, நான் வந்து நான்கு நாளில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

கையலம்பிவிட்டு சேவியர், பாத்திரங்களோடு போன ஸ்டெல்லாவின் பின்னால் அடுப்படிக்குள் போனான். அந்த வீட்டில் அவன் அங்கே நுழைந்து நான் பார்த்ததில்லை. அக்கா பதறிப்போய், "மாப்ள, இன்னா வோணும்? தண்ணியா? இங்க வரும், நீங்க ஒக்காருங்க" என்று எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அங்க நம்ம ஊரு சாப்பாடு கெடைக்காதுன்றாங்க. ரசம் எப்டி வெக்கிறதுன்னு சொல்லிக் குடுக்கறியா?" என்று சேவியர் ஸ்டெல்லாவைக் கேட்டான்.

அவள் டப்பாவைத் திறந்து ஓர் உருண்டைப் புளியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை.

"இதுக்கு எவ்ளோ தண்ணி?" என்று அவன் கேட்டான்.